ஐஸ் அறையில் பதினைந்து நிமிடம்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டை நினைத்து ஏங்க எந்த நியாயமும் இல்லை. மன்னார்த் தீவில் அப்போது இராணுவத்தின் பாஸ் இல்லாமல் கடலில் இறங்க முடியாது. சவர்க்காரம்கூடக் கிடைத்தால்தான் உண்டு. இருந்தும் அறுபது தாண்டிய மாக்கிறட் இன்றைக்கும் ஏங்குகிறாள், வலன்ரைன் முதலாளியின் கடற்கரைக் கொட்டகையான நண்டு வாடியில் இருந்த ஓர் அறைக்காக.

வாடியில் பதினெட்டுப் பெண்கள். அவித்த நண்டை மேசையில் கொட்டுவார்கள். கத்திப்பிடியால் ஓட்டைத் தட்டி உடைத்து, சதையைக் கிண்டி எடுக்க வேண்டும். விடியல் தொடங்கி நின்றபடி வேலை. மாக்கிறட் மேசைக்குப் பொறுப்பு.

செல்லாயி வந்து ஒரு மாதம்தான். மலையகத்திலிருந்து நானாட்டானுக்கு வந்து குடியேறி, அங்கிருந்தும் சண்டைக்குப் பயந்து ஓடித் தீவுக்கு வந்தவள். புருஷன் எங்கேயென்று தெரியாது. வயிற்றில் ஐந்து மாதம். கைவேகத்தில் அவளை வெல்ல ஆளில்லை. ஆனால் நண்டு அவிக்கும் கிடாரத்து ஆவியில் இரண்டு தரம் மயங்கி விழுந்துவிட்டாள்.

"மூண்டாந்தரம் விழுந்தால் நிப்பாட்டிப்போடுவன்," என்றார் வலன்ரைன். "கிடாரத்துக்குள்ள விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"படுத்தெழும்ப ஒரு இடம் தந்தீங்களெண்டால் ஏன் விழப்போறாள்? ஐஸ் அறை சும்மாதானே கிடக்கு," என்றாள் மாக்கிறட்.

ஐஸ் லொறி வருவது நின்று மூன்று வருடம். உள்ளே கரப்பான்தான் குடித்தனம் நடத்தியது.

"ஒரு கிழமை பாப்பம். ஆக்கள் பாவிக்காட்டி சனிக்கிழமை வலையைக் கொண்டுவந்து அடுக்கிப்போடுவன்."

பெண்கள் கழுவினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், பாய் விரித்து மண்பானையில் தண்ணீர் வைத்தார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். உள்ளே கதைக்கக் கூடாது. அவர்களில் ஒருத்தி, இராசம்மா, அந்தோனியார் படமொன்றைக் கொண்டுவந்து மாட்டி, "அந்தோனியாரே, நீரும் வாய் திறக்கப்படாது," என்று சொல்ல, மேசையே சிரித்தது.

முதலில் போனவளும் இராசம்மாதான். மூன்றாம் நிமிடம் வெளியே நின்றாள்.

"என்னடி, மூட்டைப்பூச்சியோ?" என்று கேட்டாள் மாக்கிறட்.

"இல்லையக்கா. ஒண்டும் கேக்குதில்லை."

அடுத்தவளும் அப்படியே வந்தாள். செல்லாயி படுக்கவே இல்லை. கதவில் காதை வைத்துக் குந்தியிருந்தாள். புதன்கிழமைக்குப் பிறகு ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை.

மாக்கிறட்டுக்குக் கோபம் வந்தது. முதலாளியிடம் வாய் விட்டுக் கேட்டவள் அவளல்லவா? தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திப் படுத்தாள். இரண்டு சுவருக்கு நடுவே மரத்தூள் அடைத்துக் கட்டிய அறை. கடல் இல்லை, காகம் இல்லை, புருஷன் பஸ்ரியனின் வள்ளத்து எஞ்சினும் இல்லை. ஹெலி வந்தால்? ஷெல் விழத் தொடங்கினால்? எட்டு வருடமாக நித்திரையிலும் விழித்துக்கொண்டிருந்த காதுகள் அவளுடையவை. அவற்றுக்கு அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு நிமிடம்கூட அவளால் கிடக்க முடியவில்லை.

அமைதியான அறை வேண்டுமென்று கேட்டது பிழை. யாராவது ஒருத்தி காவல் இருந்தால்தான் மற்றவள் கண்ணை மூடுவாள்.

வியாழக்கிழமை சின்ன மேசையொன்றை இழுத்து ஐஸ் அறை வாசலில் போட்டாள். கதவை நாலு விரல் திறந்துவைத்தாள். உள்ளே ஒருத்தி படுக்கும்போது வாசலில் ஒருத்தி நண்டு உடைக்க வேண்டும். தட்டும் சத்தம் கேட்கும்வரை பயமில்லை. தட்டுவது நின்றால் எழும்பிப் பதுங்குகுழிக்கு, பங்கருக்கு, ஓட வேண்டும்.

அன்று இராசம்மா குறட்டை விட்டாள். "அந்தோனியார் காதைப் பொத்துறார்," என்று யாரோ சொன்னார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் செல்லாயி உள்ளே, மாக்கிறட் வாசலில். வலையைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்களோடு வலன்ரைன் வந்தார். அந்த நேரம் பெருநிலப் பக்கம் ஷெல் சத்தம் தொடங்கியது. கத்திகள் மேசையில் விழுந்தன. பெண்கள் பங்கருக்கு ஓடினார்கள். ஆட்களும் வலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

மாக்கிறட்டின் கை நிற்கவில்லை. டொக், டொக். ஷெல் இங்கிருந்து போகிறதா, இங்கே வருகிறதா? தலையைச் சரித்துக் கேட்டாள்.

"விசரே உனக்கு? அவளை எழுப்பு!" என்று கத்தினார் வலன்ரைன்.

"போற ஷெல்தான் முதலாளி. வாறதெண்டால் நான் இருப்பனே? இன்னும் ஆறு நிமிசம் இருக்கு அவளுக்கு."

வலன்ரைன் பங்கரைப் பார்த்தார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். உள்ளே செல்லாயி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிறகு அவரும் அங்கேயே குந்தினார். மாக்கிறட் அடுத்த நண்டை எடுத்துத் தட்டினாள். அவள் கணிப்புப் பிழைத்துப்போயிருந்தால் மூன்று பேரும் செத்திருப்பார்கள். வீரமென்று இதைச் சொல்ல முடியாது. அவளுக்குக் காதில் நம்பிக்கை, அவ்வளவுதான்.

சத்தம் ஓய்ந்தது. நேரம் முடிந்து செல்லாயி கன்னத்தில் பாய்த் தடத்தோடு வெளியே வந்தாள். வாடி காலியாகக் கிடந்தது. முதலாளி நிலத்தில் குந்தியிருந்தார்.

"எல்லாரும் எங்கக்கா? ஏதும் சத்தம் கேட்டிச்சா?"

"தேத்தண்ணிக்குப் போயிட்டாளவை," என்றாள் மாக்கிறட்.

வலன்ரைன் எழும்பிச் சாரத்தைத் தட்டினார். பங்கரிலிருந்து திரும்பிய ஆட்களைக் கூப்பிட்டார்.

"வலையை என்ர வீட்டு விறாந்தையில கொண்டுபோய் வையுங்கோ. மனுசி பேசினால் நான் பேச்சு வாங்கிறன்."