ஓவனில் வெந்த கொடுவா

கும்பகோணத்தில் பேருந்து மாறி, காலை பத்தரைக்கெல்லாம் பாபநாசத்தில் வந்து இறங்கிவிட்டார் ஜெயா. நாகப்பட்டினத்தில் மீன் வியாபாரம் செய்பவர். மகன் ராகுலுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. அவன் குடிபோன புது வீட்டுக்கு இதுதான் அவருடைய முதல் வருகை. கையில் ஐஸ் பெட்டி, அதற்குள் இரண்டு கிலோ கொடுவா மீன்.

மருமகள் கனிமொழி கிராம நிர்வாக அலுவலர். பட்டா தகராறு என்று வரும் இரண்டு தரப்பையும் சளைக்காமல் சமாளிப்பவள். ஆனால் மாமியார் வருகிறார் என்றதும் சனிக்கிழமை முழுவதும் அவள் கை ஓயவில்லை. அலமாரி ஒவ்வொன்றையும் துடைத்து அடுக்கினாள். சமையலறைச் சுவரில் பதித்திருந்த மின்சார ஓவனைப் பளபளவென்று தேய்த்தாள். அதில் முழு மீனைச் சுட்டுத் தருவதாக அவள்தான் போனில் சொல்லியிருந்தாள்.

மீனைக் கீறி மசாலா தடவி வைத்துவிட்டு ஓவனின் குமிழைத் திருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. மணி காட்டும் கட்டம் கறுப்பாகக் கிடந்தது.

"கரண்ட் போயிருச்சா?" என்றார் ஜெயா.

"ஃபேன் ஓடுதுங்களே அத்தை." கனிமொழிக்கு முகம் சூடேறியது. "மன்னிச்சுக்குங்க. குழம்பு வச்சிரட்டுங்களா?"

"குழம்பு நான் தினமும்தான் வைக்கிறேன். இதைப் பாக்கத்தானே விடியக்காலைல பஸ் ஏறுனேன். எங்க கோளாறுன்னு பாப்போம், வா." ஜெயா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

கூடத்து மெயின் பெட்டியில் 'ஓவன்' என்று சீட்டு ஒட்டிய பிரேக்கர் விழாமல்தான் இருந்தது. கனிமொழி அதை இறக்கி ஏற்றினாள்.

"இன்னும் கறுப்பாத்தான் இருக்கு" என்று சமையலறையிலிருந்து ஜெயாவின் குரல் வந்தது.

வீட்டுக்கு வயரிங் செய்த நாகநாதனைக் கனிமொழி போனில் பிடித்தாள். அவர் பதறவில்லை. "ஓவனை நீங்க கழட்டாதீங்க மேடம். அதுக்குன்னு தனி சுவிட்ச் ஒண்ணு, ஓவனுக்குப் பக்கத்துக் கீழ் அலமாரில, பின்சுவத்துல இருக்கு. அதைப் பாருங்க. ஈரக்கையோட தொடாதீங்க."

இருவரும் தரையில் உட்கார்ந்து அலமாரியைக் காலி செய்தார்கள். குக்கர், இட்லிப் பானை, மூடிகள், இரண்டு வாணலி. கடைசியில், மூலையில் வைக்கோல் சுற்றிய ஒரு மண்சட்டி. கல்யாணத்துக்கு ஜெயா கொடுத்தது. சுற்றிய வைக்கோல் சுற்றியபடியே இருந்தது.

கனிமொழி அதை வெளியே எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டாள். "உடைஞ்சிருமோன்னு பயந்து... எடுக்கவே இல்லைங்க அத்தை."

ஜெயா தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியக் கனிமொழிக்குச் சற்று நேரம் பிடித்தது.

"என் மாமியா குடுத்த சட்டியை நான் ரெண்டு வருசம் பரண்ல போட்டு வச்சிருந்தேன். பயமெல்லாம் இல்ல. அந்தம்மா மேல கோவம்."

கனிமொழிக்கும் அடக்க முடியவில்லை. பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சட்டியை நகர்த்தியதும் சுவிட்ச் தெரிந்தது. நேற்று இடம் போதாமல் சட்டியைப் பின்னால் தள்ளியபோது, அதன் விளிம்பு இடித்து சுவிட்சை அணைத்திருக்கிறது. கனிமொழி கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். மேலே கட்டத்தில் நான்கு பூஜ்ஜியங்கள் மினுக்கின.

"உசுரு வந்துருச்சு" என்றார் ஜெயா.

ஆனால் திருகினால் சூடேறவில்லை. பூஜ்ஜியங்கள் மட்டும் விடாமல் மினுக்கின. ஓவனைப் பொருத்திய அன்றும் இப்படித்தான் நின்றது, மணி வைத்த பிறகுதான் வேலை செய்தது என்பது கனிமொழிக்கு ஞாபகம் வந்தது.

"மணி என்னங்க அத்தை?"

"பதினொண்ணு நாப்பது."

மணி வைத்ததும் மினுக்கல் நின்றது. மறுபடி திருகினாள். உள்ளே விளக்கு எரிந்தது, சின்னதாக விசிறிச் சத்தம் கேட்டது. ஓவன் நன்றாகச் சூடானதும் மீனை உள்ளே வைத்தாள். தோல் சுருங்கிப் பொன்னிறமாவதை, ஜெயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி வழியே கடைசிவரை பார்த்தார்.

ஒரு மணிக்கு ராகுல் மருந்துக் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். மூவரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். வால் பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது. ஜெயா வயிற்றுப் பக்கத்திலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். உடனே இன்னொரு துண்டு எடுத்தார்.

"கனி, நாளைக்கு லீவு போட முடியுமா உன்னால?"

"ஏங்க அத்தை?"

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு பாக்குறேன்."

"சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்பணும்னு சொன்னியேம்மா" என்றான் ராகுல்.

"காலைல சொன்னேன். நீ பேசாம சாப்பிடு."

கனிமொழி எச்சில் கையோடு எழுந்து, இடக்கையால் மாமியாரின் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.