காட்ட ஒன்று, ஆக்க ஒன்று

கௌசிக்குக்கு வெள்ளையைக் கண்டால் குமட்டத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. சமையலறை வடிவமைத்துப் பிழைக்கிறவனுக்கு வரக்கூடாத வியாதி. பாலக்காட்டில் பழைய ஃப்ளாட்டைப் புதுப்பிக்கிற எல்லோருக்கும் வெள்ளைதான் வேண்டியிருக்கிறது. பனி பெய்கிற ஊர்க்காரன் வெளிச்சம் போதாமல் அடித்துக்கொண்ட வெள்ளையை, பங்குனி வெயிலில் தார் உருகுகிற ஊரில் 'ஸ்காண்டிநேவியன்' என்று சொல்லி விற்பவன் அவன். 'இண்டஸ்ட்ரியல்' என்று இன்னொன்று உண்டு. குழாய்கள் வெளியே தெரிய வேண்டும், சுவர் பூச மறந்துபோனது போல இருக்க வேண்டும். கஞ்சிக்கோட்டு இரும்பாலையில் பாதி ஆயுளை வேகவைத்துவிட்டு ஓய்வு பெற்ற ஒருவரிடம் அதன் படத்தைக் காட்டினான். "இதைப் பாக்காம இருக்கத்தானுங்க தம்பி ரிட்டையர் ஆனேன்," என்றார் அவர்.

தன் வீட்டிலும் கைப்பிடியே இல்லாத கபோர்டுகள்தான் என்று கௌசிக் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வான். அது உண்மைதான். கைப்பிடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துவிட்டன.

பூபதிராஜாவுக்கு அவன் விற்றது 'ஃபார்ம்ஹவுஸ்'. கொழிஞ்சாம்பாறையில் நிஜமான தோப்பையும் நிஜமான தோட்டத்து வீட்டையும் குத்தகைக்கு விட்டுவிட்டு, மனைவி கோமதியோடு சந்திரநகரில் நான்காவது மாடிக்குக் குடிவந்தவர் அவர். வந்ததும் முதல் வேலையாகத் தோட்டத்து வீடு மாதிரி ஒரு சமையலறை கேட்டார். கௌசிக் சிரிக்கவில்லை. சிரித்தால் தொழில் போய்விடும். துருப்பிடித்தது போலச் சாயம் பூசிய கீல்களையும், கரையான் அரித்தது போல இயந்திரத்தில் அரித்த பலகையையும் வரவழைத்து மாட்டினான். மற்றதெல்லாம் வெள்ளை.

அந்த ஃப்ளாட்டில் முன்பு சமையலறைக்கு ஒரு சுவர் இருந்தது, கதவு இருந்தது, பின்னால் ஆள் திரும்ப இடமுள்ள ஒரு வர்க் ஏரியாவும் இருந்தது. அந்தப் பக்கத்தில் வீடு என்றால் அடுப்படி இரண்டு. முன்னால் இருப்பது வருகிறவர்களுக்குக் காட்ட, பின்னால் இருக்கும் வர்க் ஏரியா சோறாக்க. காட்டுகிற அடுப்படியில் பால் காய்ச்சிக் குடிபுகுந்ததோடு சரி, அப்புறம் அங்கே தீ எரியாது. இது தெரிந்தும் கௌசிக் சுவரை இடிக்கச் சொன்னான், வர்க் ஏரியாவையும் உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னான். அப்போதுதான் நடுவில் 'ஐலண்ட்' என்கிற பெரிய மேடையைப் போட முடியும். சோபாவில் உட்கார்ந்தால் அடுப்பு வரை ஒரே பார்வையில் தெரியும். பூபதிராஜா அன்று கைதட்டினார்.

இப்போது மறுபடியும் கூப்பிட்டிருந்தார். "ஒரு சின்ன வர்க் ஏரியா பண்ணோணுமுங்க தம்பி. மத்தியானம் சாப்பாட்டுக்கே வந்துருங்க."

கௌசிக் போனபோது பூபதிராஜா மெல்லிய துணியால் ஐலண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். குடிவந்து மாதங்கள் ஆகியும் கபோர்டுக் கதவுகளின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படவில்லை. அதன் ஓரத்தில் ஒரு கரப்பான்பூச்சி உள்ளே போய் மாட்டி, தட்டையாகிச் செத்திருந்தது. அலமாரிப் பலகையில் அடி கருக்காத பித்தளைப் பாத்திரங்கள் வரிசையாக நின்றன. பார்க்கப் பார்க்கக் கௌசிக்குக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது. பசியால் அல்ல.

"சாயங்காலம் சித்தூர்ல இருந்து மச்சான் ஊட்டுக்காரங்க வர்றாங்க, கிச்சன் பாக்கறதுக்கு," என்றார் பூபதிராஜா. "போன வாரம் வந்தவங்க எல்லா டிராயரையும் இழுத்து இழுத்துப் பாத்தாங்க. ஒருத்தர் படமே புடிச்சுட்டுப் போனாருங்க."

கோமதி சாப்பாடு போட்டாள். ஐம்பதை நெருங்குகிறவள், பேச்சு குறைவு, முந்தானை இடுப்பில் செருகியபடியே இருக்கும். அரிசிம்பருப்புச் சோறும் நெத்திலிக் கருவாட்டு வறுவலும். கௌசிக் மறுசோறு வாங்கினான், அதற்கு மேலும் வாங்கினான். வடிவமைப்பாளனுக்கு ஒன்று உறைக்கவில்லை: சமையலறை அவன் கண்முன்னே பளபளவென்று கிடக்கிறது, அதில் அடுப்பு எரிந்த சுவடே இல்லை. பிறகு இந்தக் கருவாடு எங்கிருந்து வந்தது?

"வாங்க தம்பி, எடத்தைக் காட்டறேன்." கைகழுவிய ஈரத்தோடு பூபதிராஜா அவனைக் கூட்டிப்போய், ஹாலை ஒட்டிய பொதுக் குளியலறைக் கதவைத் திறந்தார். "இதாங்க இப்போதைக்கு வர்க் ஏரியா."

க்ளோசெட்டின் மூடிமேல் ஒரு வெள்ளைக் கல் பலகை கிடந்தது. ஐலண்டுக்கு அறுத்ததில் மிஞ்சிய துண்டு. கௌசிக் தன் கல்லைத் தானே அடையாளம் கண்டான். அதன்மேல் ஒற்றை அடுப்பு, அடுப்பின்மேல் கருவாட்டுச் சட்டி. சோப்பு வைக்கிற மாடத்தில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும். துண்டு போடுகிற கம்பியில் கரண்டிகள். கக்கூஸ் தேய்க்கிற பிரஷுக்கும் முறத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஷவர் தலையில் வெங்காயப் பை தொங்கியது. தண்ணீர் போகிற ஓட்டையில் நெத்திலித் தலைகள் அடைத்துக் கிடந்தன, அவற்றின் நடுவிலிருந்து ஒரு கரப்பானின் இரண்டு மீசைகள் மட்டும் வெளியே வந்து ஆடின. புகை உறிஞ்சுகிற விசிறியில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து தாடி மாதிரி வளர்ந்திருந்தது. பினாயிலும் தாளித்த வெங்காயமும் கலந்து ஒரு வாடை.

தின்ற சோறு மொத்தமும் கௌசிக்கின் வயிற்றில் எழுந்து நின்றது. வாந்தி வருகிற ஆள் வழக்கமாக ஓடுகிற இடத்தில்தான் அவன் நின்றுகொண்டிருந்தான். அங்கே அடுப்பு இருந்தது.

"இங்கீங்களாண்ணா ஆக்கறீங்க?"

"நான் எங்கீங்க ஆக்கறேன், கோமதிதான்," என்றார் பூபதிராஜா. "இந்தக் க்ளோசெட்டைப் பேத்துப்போட்டு, இக்கட்ட ரெண்டு கபோர்டு, அக்கட்ட ஒரு சிங்க்கு. வெள்ளையே போட்டுருங்க. எங்களுக்குப் பெட்ரூம்ல இன்னொரு பாத்ரூம் இருக்குதுங்களே, அது போதும்."

போன் அடித்தது. சித்தூர் மச்சான். பூபதிராஜா வழி சொல்லிக்கொண்டே பால்கனிக்குப் போனார்.

கோமதி குளியலறை வாசலுக்கு வந்தாள். "சோறு நல்லாருந்துச்சுங்களா தம்பி?"

"நல்லாருந்துச்சுங்கக்கா."

"பொய் சொல்லாதீங்க. மொகமெல்லாம் வெளிறிக் கெடக்குது."

"கிச்சன்ல இருக்கற அந்த அடுப்புல ஆக்கக் கூடாதுங்களா?"

"வறுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. சுடுதண்ணி வெச்சுக்கலாமுங்க." அவள் குரலில் வருத்தமே இல்லை, விலைவாசி சொல்வது போலச் சொன்னாள். "சோபாவுல உக்காந்து பாத்துட்டே இருப்பாருங்க. ஒரு சொட்டு உழுந்தாத் துணிய எடுத்துட்டு வந்துருவாரு. ஆளுக வந்தா நான் அதும்பக்கத்துல நின்னு டிராயரைத் தொறந்து காட்டோணும். துணிக்கடைப் பொம்மைக்காச்சும் தெனமும் சீலை மாத்தி உடறாங்க."

கௌசிக் அடுப்புக்குக் கீழே கிடந்த வெள்ளைக் கல்லின் ஓரத்தைப் பிடித்து லேசாக அசைத்தான். அது ஆடியது.

"இப்ப அடுப்பு சும்மா பலகை மேல இருக்குது, என்னைக்காச்சும் எடுத்துப்போடலாம்னு நெனச்சுட்டு இருந்தேன். நீங்க இதுல கபோர்டை வெச்சுட்டீங்கன்னா தம்பி, அப்புறம் சாகறவரைக்கும் நான் கக்கூசுலதானுங்க ஆக்கோணும்."

பூபதிராஜா திரும்பி வந்தபோது கௌசிக் டேப்பை எடுத்திருந்தான். அவர் முகம் மலர்ந்தது. கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கௌசிக் குளியலறையைத் தாண்டிப்போய், ஹாலும் சமையலறையும் சேருகிற இடத்தில், பழைய சுவர் நின்ற கோட்டில் குந்தி உட்கார்ந்து டேப்பை இழுத்தான்.

"அங்க என்னத்துக்குங்க அளக்கறீங்க?"

"செவுரு வெக்கறதுக்குங்ணா. பெங்களூர்ல இப்பெல்லாம் மூடுன கிச்சன்தானுங்க. 'க்ளோஸ்டு கான்செப்ட்'னு பேரு." பெயர் வைப்பதில் அவனுக்குச் சிரமமே இருந்ததில்லை.

"போன தடவை தொறந்து கெடக்கறதுதான் ஸ்டைலுன்னீங்க."

"ஸ்டைலுன்னா மாறுமுங்ணா."

"செவுரு வெச்சா ஐலண்டு எங்கீங்க தெரியும்? வர்றவங்க எதைப் பாப்பாங்க?"

"சோறாக்கறதுக்கு எடம் வேணுமில்லீங்களா. பாத்ரூம்ல என்னால பண்ண முடியாதுங்ணா. நெஞ்சு ஒத்துக்கலை."

பூபதிராஜா கோபப்படவில்லை. துணியை நான்காக மடித்தார். "முடியலைன்னா வுடுங்க தம்பி. கொடுவாயூர்ல ஒரு பையன் இருக்கறான், அவங்கிட்டச் சொல்லிக்கறேன். அவன் ரெண்டு நாள்ல முடிச்சுருவான்."

கௌசிக்குக்கு அந்தப் பையனைத் தெரியும். காசு கொடுத்தால் லிஃப்டுக்குள்ளேயே சமையலறை போட்டுத் தருவான். டேப் தானாகச் சுருண்டு உள்ளே போயிற்று. சொல்வதற்கு வேறு எந்த ஸ்டைலின் பெயரும் அவன் வாயில் வரவில்லை.

அப்போது கோமதி குளியலறையிலிருந்து வந்தாள். ஒரு கையில் கருவாட்டுச் சட்டி, மறு கையில் எண்ணெய்த் தூக்கு, கக்கத்தில் வறுக்காத நெத்திலிப் பொட்டலம். நேராகச் சமையலறைக்குப் போனாள். இதுவரை எண்ணெயே படாத கண்ணாடி அடுப்பின் திருகைத் திருப்பினாள். பற்றியது.

"கோமதி, என்ன பண்றே?"

"ஆக்கறனுங்க."

"ஆளுக வர்ற நேரம்."

"வரட்டுமுங்க. இருக்கற கருவாடு பத்தாது."

எண்ணெய் காய்ந்தது. நெத்திலியைப் போட்டதும் சடசடவென்று தெறித்து வெள்ளைக் கல்லின்மேல் விழுந்தது. பூபதிராஜா துணியோடு ஓடினார். கோமதி நகரவில்லை. கரண்டி சட்டியில் சுற்றிக்கொண்டே இருந்தது, அவர் கை நீட்டுகிற இடத்தில் எல்லாம் அவள் முழங்கை இருந்தது.

"சிம்னியைப் போடட்டுங்களாக்கா?" என்றான் கௌசிக்.

"வேண்டாமுங்க தம்பி. போகட்டும், ஊடு பூரா போகட்டும்."

போயிற்று. சுவரில்லாத வீட்டில் கருவாட்டு வாடைக்கு யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. சோபாவில் ஏறியது, திரைச்சீலையில் தொங்கியது, பால்கனி வரை போய்த் திரும்பியது. பூபதிராஜா துணியை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். கௌசிக்குக்கும் கண் எரிந்தது. இருந்தாலும் அந்தச் சமையலறையை வடிவமைத்ததிலிருந்து அன்றுதான் அது அவனுக்குப் பார்க்கும்படி இருந்தது.

"தெனமுமா இங்க ஆக்கப்போறே?" என்று கேட்டார் பூபதிராஜா, மெதுவாக.

"செவுரு வர்ற வரைக்குமுங்க. அப்புறமும் இங்கதானுங்க. செவுரு இருந்தா வர்றவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அவர் ஐலண்டைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, கண்ணாடியில செவுரு வெக்கலாமுங்களா? கதவும் கண்ணாடியிலயே. வெளிய இருந்து பாத்தாத் தெரியுமில்லீங்க."

வைக்கலாம். அதற்கு ஒரு பெயரும் உண்டு. கௌசிக் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கோமதி இடுப்பில் செருகிவந்த மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து வெள்ளைக் கல்லின்மேல் கவிழ்ப்பது போலச் சாய்த்துப் பிடித்து மூடியைத் திருகினாள்.

"கல்லுலயே கட்டீருங்க," என்றார் பூபதிராஜா. "கதவு மரத்துல போட்டுருங்க."

கோமதி டப்பாவை நிமிர்த்தி வைத்தாள். புதிதாக வறுத்ததை ஒரு தட்டில் அள்ளிக் கௌசிக்கிடம் நீட்டினாள். அவன் வயிறு இன்னும் குளியலறையிலேயே இருந்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.