சஃபீனாவின் வலது கை

என் வீட்டு ஹாலில், என் கண் முன்னால், என் மனைவியின் கையை ஒருவன் அரைமணி நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு டீ போட்டுக் கொடுப்பது நான். சீனி போதுமா என்று கேட்பதும் நான்தான்.

பெயர் ஷ்ரவண். மும்பையில் மாட்டுங்காக்காரன், பிசியோதெரபி படித்தவன். நல்ல உயரம், வழவழவென்று முகம். வெள்ளை ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, "எப்படி இருக்கேள் ஆண்ட்டி?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வருவான். சஃபீனாவும் சிரிப்பாள். அவளுக்கு வாய் இன்னும் ஒரு பக்கமாகத்தான் இழுக்கிறது. அந்த ஒரு பக்கச் சிரிப்பையும் முழுசாக அவனுக்கே கொடுத்துவிடுவாள்.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. நடையும் பேச்சும் ஓரளவு திரும்பிவிட்டன. வலது கைதான் வரவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிக் கிடந்தன. பெண் டாக்டர்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். விசாரித்ததில் கிடைத்த ஒரு பெண்ணும் வாஷியில் இருந்தாள், தாராவியில் எங்கள் வீட்டுக்கு வந்துபோகத் தோதுப்படாது என்றாள். கடைசியில் செம்பூரில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் மகள் தமன்னா இவனைப் பிடித்து அனுப்பினாள்.

"வைத்தியத்துல என்ன வாப்பா ஆம்பள பொம்பளன்னு? சும்மா காலி பீலி டென்ஷன் ஆகாதீங்க."

சஃபீனாவின் ஆசை ஒன்றுதான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் தன் கையாலேயே சோற்றைப் பிசைந்து சாப்பிடலாம். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டாள். நான் ஸ்பூனில் ஊட்டினால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாயைத் திறப்பாள்.

ஷ்ரவண் அவள் மடியில் துண்டை விரித்து, கையை அதன்மேல் வைத்து, மணிக்கட்டை மெதுவாக நீவுவான். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக விரியும். "சூப்பர் ஆண்ட்டி!" என்பான். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வயிறு பற்றி எரிந்தது.

அவர்களைக் கலைப்பதற்காகவே நான் பேச்சுக் கொடுப்பேன். எங்கள் பட்டறையில் தைக்கிற தோல் பை, மழை, மெட்ரோ வேலை என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவேன். முன்பெல்லாம் நாலு பேர் நடுவில் நான் இப்படி அளக்க ஆரம்பித்தால் சஃபீனா முகம் மாறாமல் என் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைப்பாள். இப்போது முறைப்பதோடு சரி.

ஒருநாள் அவன் போனதும் நானே துண்டை விரித்து உட்கார்ந்தேன். அவன் செய்த மாதிரியே நீவினேன். "சூப்பர் சஃபீனா" என்றுகூடச் சொன்னேன். விரல்கள் முன்னைவிட இறுகிக்கொண்டன.

"தோல இழுக்க மாதிரி இழுக்கிய. வலிக்கி, விடுங்க."

"அவன் புடிச்சா மட்டும் வலிக்கலியோ?"

"வலிக்கல." அந்த ஒரு வார்த்தை மட்டும் குழறாமல் வந்தது.

அடுத்த முறை அவன் வருகிற நேரத்தில், "தல கலைஞ்சி கெடக்கு, வாரி விடுங்க" என்றாள். இன்னொருவன் வருவதற்காக என் மனைவிக்கு நான் தலை வாரிவிட்டேன். வாரி முடித்துச் சீப்பை வைத்துவிட்டு நேரே மாடிப்படிக்குப் போய் அவனுக்குப் போன் போட்டேன். ஆண்ட்டிக்குக் காய்ச்சல், ரெண்டு வாரம் போகட்டும், நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பி வந்து கட்டிலில் அவள் பக்கத்தில் கையை ஊன்றி உட்கார்ந்தேன். அவள் மடியில் துண்டு தயாராக இருந்தது. இடது கையால் வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள்.

"இன்னும் ஆளக் காணோமே?"

"ட்ராஃபிக்கா இருக்கும்."

சும்மா இருக்க முடியாமல் அவளே விரலை அசைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்து பழையபடி விழுந்தது. மறுபடியும் முயன்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து தமன்னா கூப்பிட்டாள். உம்மாவும் கேட்கட்டும் என்று போனை எப்போதும் ஸ்பீக்கரில் போடுவது வழக்கம். பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன்.

"உம்மாவுக்குக் காய்ச்சலா வாப்பா? ரெண்டு வாரம் வர வேண்டாம்னு ஷ்ரவண்கிட்ட சொன்னீங்களாமே?"

சஃபீனா என் பக்கம் திரும்பினாள். "எனக்கு எங்க காய்ச்சல்?"

"ஆமா, நாந்தான் சொன்னேன். என்ன இப்ப?" எனக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "அவன் தொட்டா விரியுது, நான் தொட்டா மூடிக்கிடுது! ஒங் கைக்குக்கூட நான் வேண்டாதவனாப் போயிட்டேன்லா? இதப் பாத்துக்கிட்டு நான் டீ வேற போடணும். தொரைக்கு இஞ்சி தட்டிப் போடணும், ஏலக்காய் போடணும்..."

கையில் சுரீர் என்றது.

"யா அல்லா!" என்று கத்திவிட்டேன். குனிந்து பார்த்தால், துண்டின்மேல் இருந்த கையை அங்கே காணவில்லை. கட்டிலில் ஊன்றியிருந்த என் கையின் மேல் இருந்தது. என் தோலை நடுவில் வைத்துக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்திருந்தன.

நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். "என்ன வாப்பா சத்தம்?" என்று தமன்னா போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். விடச் சொல்ல எனக்கு மனசில்லை. அவளுக்கு விரலைப் பிரிக்கத் தெரியவில்லை.

பிறகு அவள் வற்புறுத்தி என்னையே போன் போட வைத்தாள். மறுநாள் ஷ்ரவண் வந்தான். நடந்ததைக் கேட்டுத் துண்டின்மேல் ஒரு கொண்டைக்கடலையை வைத்தான். "எடுங்கோ ஆண்ட்டி, பார்ப்போம்." விரல்கள் நடுங்கின. கிட்டக்கிட்டப் போய்த் தளர்ந்துவிட்டன. அவளுக்குக் கண் கலங்கியது.

"நேத்து சேந்துது தம்பி. பொய் சொல்லல" என்று நான் சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். கன்றிப்போன இடம் நீலமாக இருந்தது.

"அங்கிள், இது நிஜமான பிஞ்ச்!" அவன் துள்ளினான். "கடலை வேண்டாம் ஆண்ட்டி. என் கையில ஒரு தடவை கிள்ளுங்கோ!" தன் கையை நீட்டினான்.

சஃபீனா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். அவள் விரல் அந்தப் பக்கம் அசைவதற்குள் நான் குறுக்கே என் கையை நீட்டிவிட்டேன்.

"புடிக்கிறத நீங்களே புடிச்சிக்கிடுங்க தம்பி. கிள்ளு எனக்குத்தான்."

கிள்ளினாள். நேற்றைவிட நன்றாகவே வலித்தது.