கொழுந்தில் வடித்த எண்ணெய்

ஒரே ஓடைக்கரை, ஒரே காட்டுப்புதினா, காய்ச்சி வடித்த கையும் ஒன்றுதான். எண்ணெய் மட்டும் போன மாதம் ஒரு விதம், இந்த மாதம் வேறு விதம் என்றால், நீங்கள் யாரைச் சந்தேகப்படுவீர்கள்?

தொண்டை மிட்டாய் செய்யும் தொழிற்சாலையின் சோதனை அறையில் இருந்தவளும் வடித்தவரைத்தான் சந்தேகப்பட்டாள். அவர் அவளுக்கு அத்தான், கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர். எந்த எண்ணெயையும் இயந்திரத்தில் ஏற்றுமுன் மோந்து பார்ப்பதால் அங்கே அவளுக்கு 'மூக்கு' என்றுதான் பெயர். இன்று அந்த மூக்கே முதலில் சுளித்தது. பிறகு இயந்திரம் வரைந்த தாள் வந்தது. குளிர்ச்சி தரும் மென்தாலின் கோடு குட்டையாய்ப் படுத்துக் கிடந்தது. பியூலிகோன் கோடு கொக்குக் கழுத்து மாதிரி நிமிர்ந்து நின்றது. பியூலிகோன் அளவு மீறினால் ஈரலுக்கு ஆகாது. அது நிறைய உள்ள களை ஒன்றும் அதே ஓடைக்கரையில் மண்டிக் கிடந்தது. பார்வைக்குப் புதினாவேதான்.

'கலப்படம்' என்று அவள் ஒரு வார்த்தை எழுதினால் போதும். எண்ணெய் கொடுப்பவர் என்று அத்தானுக்குத் தந்திருக்கும் அட்டையைக் கிழித்துவிடுவார்கள். அப்புறம் அவர் எண்ணெயை யாரும் தொட மாட்டார்கள். அக்கா குடும்பத்துக்கோ வேறு பிழைப்பு கிடையாது.

காலையில் கேனை இறக்கும்போது அவர், "இந்தத் தடவ பாரேன், அசந்துடுவே" என்று சிரித்தாரே, அது என்ன சிரிப்பு?

மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு அக்கா வீட்டுக் கொட்டகைக்குப் போனாள். அத்தான் எண்ணெய் வடிக்கும் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்றபடியே மூலை முடுக்கெல்லாம் கண்ணை ஓட்டினாள்.

"என்னம்மா, அங்க மோந்தது போதாம எங்க வீட்டையும் மோந்து பாக்க வந்துட்டியா?"

"என்னத்தக் கலந்தீங்க, அத்தான்?"

தேய்க்கும் சத்தம் நின்றது. அக்கா ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"நாக்குல நரம்பில்லன்னா எது வேணா பேசுவியாடி?"

"மெஷின் சொல்லுதுக்கா."

"மெஷின் சொல்லும்! பத்து நாளா குனிஞ்சு குனிஞ்சு கொழுந்து கிள்ளுனது அதுவா, நானா? என் விரலைப் பாரு."

"கொழுந்தா?"

"பின்ன? தங்கச்சி கைக்குப் போற சரக்கு, கொழுந்து மட்டும் போடுவோம்னு நான்தான் சொன்னேன். முத்தின இலையைச் செடியிலயே விட்டுட்டோம்."

அவள் அக்காவின் விரலைப் பார்த்தாள். புதினா இலை இளசாக இருக்கும்போது அதில் பியூலிகோன்தான் கூடுதல். இலை முற்ற முற்ற அது மென்தோனாகி, அப்புறம் மென்தாலாகும். படித்த பாடம்தான். ஆனால் பாடத்துக்கு முன்னால் அந்தக் களைதான் நினைவுக்கு வந்தது.

இருந்தாலும் வாய்ச்சொல்லை நம்பி எழுத முடியுமா? ஓடைக்கரைக்குப் போய், ஒரே செடிகளின் நுனியிலையை ஒரு பையிலும் அடியிலையை இன்னொரு பையிலும் தானே கிள்ளினாள். அக்கா பின்னாலேயே வந்து நின்றாள்.

"கிள்ளு, கிள்ளு. அப்படியே எங்க ரெண்டு பேரையும் பையில போட்டு வடிச்சுப் பாத்துடு."

சோதனை அறையில் இரண்டையும் தனித்தனியாக வடித்தாள். நுனியிலையில் அதே கொக்குக் கழுத்து. அடியிலையில் மென்தால்தான் ஓங்கி நின்றது. 'கலப்படம் இல்லை. இளம் இலை. எண்ணெய் வேண்டாம், அட்டை இருக்கட்டும்' என்று எழுதி மேலாளரிடம் கொடுத்தாள்.

அவர் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கரை வரைக்கும் போய் இலை கிள்ளியிருக்கியே, இந்த ஆள் உனக்கு என்ன வேணும்?"

"அக்கா வீட்டுக்காரர், சார்."

"இத்தன வருஷமா சொல்லவே இல்லையே?"

"யாரும் கேக்கல, சார்."

"இலை நீ கிள்ளுனது. எண்ணெய் நீ வடிச்சது. மெஷினும் நீ ஓட்டுனது. பாலுக்குப் பூனை காவலா?"

"வேற யாரையாவது வடிக்கச் சொல்லுங்க, சார். இதேதான் வரும்."

அவர் தாளை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலை வேறொருவர் அதே கரையில் இலை கிள்ளி வந்து வடித்தார். அதே கோடுகள்தான் வந்தன. அட்டையைக் கிழிக்கவில்லை. கேனைத் திருப்பி வாங்க அக்கா வந்தாள், தங்கையிடம் பேசாமல் போனாள். தங்கையைப் பாட்டில் கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள்.