மூன்று முறை அழைத்தவள்

அந்தப் பெண் மூன்றாவது முறையாக அழைத்தபோது காலை பத்தேகால் மணி. மின்கம்பெனியின் புகார் மேசையில் இரண்டு தொலைபேசிகளும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. “அக்கா, கொடிக்கு மேல போற கம்பின்னு சொன்னேன்ல, இன்னும் இறங்கிடுச்சு. துணி காயப்போடக் கையத் தூக்கவே பயமா இருக்கு” என்றாள். “அந்தப் பக்கமே போகாதம்மா, இன்னிக்கு ஆள் வரும்” என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன். அவளுடைய முந்தைய இரண்டு புகார்களுக்கும் எதிரே ‘சரி செய்யப்பட்டது’ என்று இருந்தது. பக்கத்தில் என் கணவரின் கையெழுத்து.

ஓர் எண்ணெய் ஆலையின் பின்னால், தகரக் கொட்டகையில், ஒற்றை டீசல் எஞ்சினோடு தொடங்கிய கம்பெனி அது. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் பதினோரு ஊர்களுக்கு எங்கள் கம்பிதான். பழுது பார்க்கும் பன்னிரண்டு பேருக்கு இவர் மேஸ்திரி. புயல் அடித்த மறுநாளே விளக்கை எரியவைத்துவிடுவார் என்பதால் இவருக்கு ‘மின்னல்’ என்று பட்டப்பெயர். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால்கூட, “மின்னல் வீட்டம்மா வர்றாங்க, தள்ளி நில்லுங்கப்பா, ஷாக் அடிக்கும்” என்பார்கள்.

பிறகு முதலாளியின் மருமகன் பொறுப்புக்கு வந்தார். கடன் வாங்கி மலையடிவாரத்தில் நீர்மின் நிலையம் கட்டினார். ஆறு கைவிட்டது. மூன்று கோடைகள் தொடர்ந்து பாறைதான் தெரிந்தது. கம்பிமேல் சாயும் கிளைகளை வெட்டுவதை முதலில் நிறுத்தினார்கள். அப்புறம் கம்பம் மாற்றுவதை. அப்புறம் ஆட்களையே நிறுத்தினார்கள். பன்னிரண்டு பேர் மூன்று பேராகிப்போனார்கள்.

மதியம் இவர் சாப்பிட வந்ததும் கேட்டேன். “அந்தத் துணிக்கொடி வீட்டுக்குப் போனீங்களா?”

“எந்த வீடு?”

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்.

“அன்னிக்கு மட்டும் அறுபத்தி நாலு புகார். எல்லாத்துலயும் கையெழுத்து இருந்தாத்தான் மறுநாள் வேலைன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நான் என்ன பறந்தா போவேன்?” பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். “நாளைக்கு முதல் வேலையா அங்கதான்.”

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் லைன் அறுந்தது. இவர் அங்கே ஓடினார். பதினொரு மணி வாக்கில் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை ஆண் குரல். “கரண்ட நிறுத்துங்க! கரண்ட நிறுத்துங்க!” துணை மின்நிலையத்துக்கு அழைத்தேன். அங்கே மிச்சமிருந்த ஒரே ஆள் போனை எடுக்க ஏழு நிமிடம் ஆயிற்று. அந்த ஏழு நிமிடமும் மற்றக் காதில் அந்த ஆண் கத்திக்கொண்டிருந்தார். அவளை நான் பார்த்ததேயில்லை. குரலை மட்டும் தெரியும்.

அவள் இறந்த மூன்றாம் நாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “விசாரணைக்கு வர்றாங்க. அந்தம்மா கூப்பிட்டதா இருக்கிற பக்கங்கள மட்டும் எடுத்துட்டு புதுசா எழுதிடுங்க. உங்க வீட்டுக்காரரக் காப்பாத்தின மாதிரியும் ஆச்சு.”

பதிவேட்டைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவர் அதைத் தொடவேயில்லை. “எழுதிடு” என்றார்.

“மூணு தடவ கூப்பிட்டா அவ.”

“நமக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு.”

“அவளுக்கு எத்தனைன்னு தெரியுமா உங்களுக்கு?”

எனக்கும் தெரியாது.

விசாரணை அதிகாரி முன்னால் பதிவேட்டை அப்படியே வைத்தேன். அறுபத்து நாலு புகார் வந்த நாளையும், மூன்று பேர்தான் இருந்தார்கள் என்பதையும், கையெழுத்துக்கு வைத்த நிபந்தனையையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஆனாலும் கையெழுத்து போட்டவர்மேல்தான் வழக்கு வந்தது. இவருக்கு வேலை போயிற்று. மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வருடம் திரும்புவதற்குள் எங்கள் கம்பெனி திவாலாகி, கம்பம், கம்பி, மேசை நாற்காலி எல்லாம் இன்னொரு கம்பெனியின் கைக்குப் போயின. புகார் மேசைக்கு என்னையே வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் இவர் என்னோடு பேசுவதில்லை. “தண்ணி வேணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு” என்று பெரியவளிடம் சொல்வார். நான் அடுத்த அறையில்கூட இல்லை, எதிரேதான் நிற்பேன். கோபமா, வெட்கமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் செய்தது சரிதானா என்று தினமும் ஒரு தடவையாவது தோன்றும். தொலைபேசி அடித்ததும் அந்த எண்ணம் அறுந்துபோகும்.

போன ஞாயிற்றுக்கிழமை புதுக் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒருவன் வண்டியிலேயே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருக்க, மற்றவன் கம்பத்தில் சாய்த்த ஏணியில் ஏறினான். ஏணியின் ஒரு கால் உடைந்த கல்மேல் நின்று ஆடியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இவர் எழுந்தார். செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து போய் இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே இருந்தவன் குனிந்து ஏதோ கேட்டான். வெயில் கண்ணில் அடிக்க, இவர் அண்ணாந்து கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.