மூன்று தாள்களில் ஒரு தரகர்

வாருங்கள், வாசகர்களே! ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று பேரின் ஓராண்டுப் படிப்பு பறிக்கப்பட்ட அந்த விசாரணை அறைக்குள் வந்து நில்லுங்கள்.

நீள மேசைக்குப் பின்னே வேதியியல் துறைத் தலைவர். அவர் முன்னே இரண்டு விடைத்தாள்கள். எதிரே கண்டக்டர் மகளும், பிள்ளை பெற்றபின் கல்லூரிக்கு வந்த நர்ஸ் அக்காவும். வினையூக்கி என்று எழுதவேண்டிய இடத்தில் இருவருமே ‘தரகர்’ என்று எழுதியிருந்தார்கள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு. யார் யாரைப் பாத்து எழுதினீங்க?”

“யாரும் பாக்கல சார்,” என்றாள் கண்டக்டர் மகள். “பேசக்கூடாதுன்னு லைப்ரரில விரட்டினாங்க. மாடிப்படியில உக்காந்து பேசிப் பேசிப் படிச்சோம். தரகர் ரெண்டு பேரைச் சீக்கிரமா சேத்து வைப்பார், தான் மட்டும் போன மாதிரியே திரும்பி வருவார். வினையூக்கியும் அதேதானே? பரீட்சை அவசரத்துல கை அதையே எழுதிடுச்சு.”

“முதல்ல சொன்னது யாரு?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஞாபகமில்ல சார்,” என்றார் நர்ஸ் அக்கா. “பேச்சுவாக்குல வந்துச்சு.”

உண்மையான அந்தப் பதில்தான் பொய்யென்று பதிவாயிற்று!

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார், அவர்களோடு படியில் அமர்ந்து படித்த சலவைக்கடைக்காரர். “சார், நான் அடுத்த கட்டடத்துல பரீட்சை எழுதினேன். என் தாளையும் பாருங்க. அங்கயும் தரகர் இருப்பார்.”

“அண்ணே, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?” என்றாள் கண்டக்டர் மகள்.

“உங்களை மாட்டிவிட்டுட்டு நான் மட்டும் பாஸாகி என்னம்மா பண்றது?”

தாள் வந்தது. தரகரும் இருந்தார். கட்டடம் தாண்டிக் காப்பியடிக்க எந்தக் கண்ணால் முடியும்? தலைவர் அதை யோசிக்கவில்லை. குற்றவாளிகளை இரண்டிலிருந்து மூன்றாக்கினார்.

மூவரின் ஓராண்டுப் படிப்பையும் ரத்து செய்யும் ஆணையை அங்கேயே தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மையார் நிமிர்ந்தார். “வினையூக்கின்னா என்ன சார்?”

“அதாவது, தான் மாற்றமடையாமல் வினையின் வேகத்தை...” தலைவர் தடுமாறினார். “அட, கல்யாணத் தரகர் மாதிரிம்மா!”

“இப்பப் புரிஞ்சுது சார்.”

“இதை நீங்க யாரைப் பாத்துச் சொன்னீங்க சார்?” என்றார் நர்ஸ் அக்கா.

தலைவரின் காதுமடல் சிவந்தது. ஆனாலும் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை காலை மேல்முறையீடு. அதுவரை மூவரும் அதே படியில் அமர்ந்து, அதே பாடத்தை உரக்கப் பேசிப் படிக்கிறார்கள். யாரோடும் பேசாமல் எதையேனும் கற்றவர் உங்களில் உண்டா? இல்லையெனில் திங்களன்று வாருங்கள். கீழ்ப்படி முதல் மேல்படி வரை நெருக்கியடித்து அமருங்கள். அந்த ஆணை கிழியும்வரை எழாதீர்கள்!