நல்ல உப்பு

நான்காவது தடவை விழுந்தபோது அவள் பழியை டீப்பாயின் மேல் போட்டாள்.

தரையில் உட்கார்ந்தபடியே கணவரிடம், "நோட்டை எடுங்க" என்றாள்.

"முதல்ல எழுந்திரு. எழுதறது எங்கே ஓடிப் போகுது?"

"விபத்து நடந்த இடத்தைக் கலைக்கக் கூடாது. நோட்டு."

அவர் எடுத்துக்கொண்டு வந்தார். முப்பத்தொரு வருடம் ஒரு டயர் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவள் அவள். யார் விழுந்தாலும் எது உடைந்தாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை 'காரணம்?' என்பதால், அங்கே முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பெயர் 'காரணம் மேடம்'. அவள் ஓய்வு பெற்ற அன்று அந்தப் பெயரைக் கணவர் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நோட்டில் ஏற்கெனவே மூன்று பதிவுகள் இருந்தன. மாடிப்படி: வெளிச்சக் குறைவு, புது பல்பு போடப்பட்டது. குளியலறை வாசல்: கால்மிதி, அகற்றப்பட்டது. சமையலறை: தேய்ந்த செருப்பு, தூக்கி எறியப்பட்டது. இப்போது நான்காவது. அன்று மாலையே டீப்பாய் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

"இப்படியே போனா கடைசியில நானும் நீயும் சுவரும்தான் மிச்சம்" என்றார் கணவர். "அடுத்தது நானா?"

"நீங்க ஓரமா நின்னா ஏன் உங்களைத் தூக்கப் போறேன்?"

முதல் தடவை படியில் விழுந்ததை மகள் பார்த்துவிட்டாள். "இன்னொரு தடவை விழுந்தா ரெண்டு பேரையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். பேச்சே கிடையாது" என்று அப்போதே சொல்லிவிட்டாள். மகள் நல்லவள்தான். அவள் வீட்டில் எல்லாம் கிடைக்கும், ஒன்றைத் தவிர: அங்கே இவள் எழுந்தால் 'எங்கம்மா?' என்பார்கள், உட்கார்ந்தால் 'என்னம்மா?' என்பார்கள். தன் வீட்டில் தானாக எழுந்து, யாருக்கும் பதில் சொல்லாமல் ஜன்னல் வரை போய் நிற்கும் உரிமை போய்விடும். அதனால் அடுத்த மூன்று விழுதல்களும் நோட்டோடு நின்றன. கணவரின் வாய்க்கும் பூட்டு போடப்பட்டது.

உண்மையில் அவள் எதன் மேலும் தடுக்கி விழவில்லை. அது அவளுக்கே தெரியும். நடந்துகொண்டே இருக்கும்போது தொடைக்குக் கீழே எதுவுமே இல்லாததுபோல் ஆகிவிடும். வலி கிடையாது, மயக்கம் கிடையாது. ஆனால் அதை எழுத நோட்டில் இடம் ஏது? காரணம் என்றால் அது கையால் தொடக்கூடியதாக இருக்க வேண்டும், தொட்டால் அகற்றக்கூடியதாகவும்.

நோயையும் அவள் தொழிற்சாலைபோலத்தான் நடத்தினாள். பதினைந்து வருடச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, அரைகுறையாக வேலை செய்யும் சிறுநீரகம். மாத்திரைப் பெட்டியில் நாள், வேளை எல்லாம் எழுதியிருந்தது. உப்பைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னதும் கடைக்குப் போய், சோடியம் குறைந்தது என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் சிவப்பு இதயம் வரைந்த பாக்கெட் ஒன்றை வாங்கினாள். பாட்டிலில் கொட்டி, தன் கையால் சீட்டு எழுதி ஒட்டினாள்: நல்ல உப்பு. கணவரின் பாட்டிலில் ஒட்டியது: கெட்ட உப்பு. இது நல்லதுதானே என்று நல்லதிலிருந்து தாராளமாகவே போட்டுக்கொண்டாள். இரண்டு மாதமாயிற்று.

ஐந்தாவது தடவை, ஒரு காலை பத்து மணிக்கு, கூடத்தின் நட்டநடுவில் விழுந்தாள். சுற்றிலும் பார்த்தாள். குற்றம் சாட்ட ஒரு பொருள்கூட இல்லை. எழுந்திருக்கப் பார்த்தாள்; கால்கள் யாருடையவையோபோலக் கிடந்தன. கணவர் தூக்கிப் பார்த்து, மூச்சு வாங்கிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணைக் கூப்பிடறேன்."

"வேண்டாம். கொஞ்ச நேரத்துல வந்துடும்."

"எது?"

"காலு."

"அது என்ன பஸ்ஸா, வர்றதுக்குக் காத்துட்டு இருக்க?" என்றார். சிரிக்கவில்லை. போனை எடுத்தார்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். இளம் பெண் மருத்துவர் அவசரமாக ஊசி ஏற்றச் சொன்னார். "ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கும்மா. இது கூடினா தசையெல்லாம் இப்படித்தான் துவண்டு போகும். இன்னும் ஏறினா இதயமே நின்னுடும். நல்ல வேளை, வந்துட்டீங்க. சாப்பாட்டுல புதுசா எதாவது மாத்தினீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முன்னால் வந்து நின்றார். "நான்தான் டாக்டர். இவ சாப்பாட்டுல ருசியே இல்லைன்னு, இவளுக்குத் தெரியாம என் பாட்டில்லேர்ந்து தினம் ஒரு சிட்டிகை போட்டுட்டு இருந்தேன்."

படுத்திருந்தவளுக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியதுபோல் இருந்தது. கடைசியில் காரணம் கிடைத்துவிட்டது! தொடக்கூடிய காரணம், மூக்குக்கண்ணாடி போட்டு எதிரே நிற்கும் காரணம். "பாத்தீங்களா டாக்டர்? பாலுக்குப் பூனையைக் காவல் வச்ச கதை! நான் எழுதி ஒட்டி வச்சும்..."

"அது தப்புதான் ஐயா, இனிமே போடாதீங்க" என்றார் மருத்துவர். "ஆனா அதனால பொட்டாசியம் ஏறாது. உங்க பாட்டில்னா? அம்மாவுக்கு வேற உப்பா?"

அவர்கள் வீட்டுக்குப் போய் மகள் அந்தப் பாக்கெட்டைக் கொண்டுவந்தாள். மருத்துவர் அதைத் திருப்பி, பின்பக்கத்தைப் படித்துக் காட்டினார். சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைத்தான் சேர்த்திருந்தார்கள். அதற்கும் கீழே, எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில்: சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

தொழிற்சாலைச் சுவர் முழுக்க அவள் எழுதி மாட்டியிருந்த வாசகம் ஒன்று உண்டு: பின்பக்கத்தையும் படி. பின்பக்கத்தைப் படிக்காத எத்தனை பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருப்பாள்! அவள் மகளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் கால்கள் திரும்பி வந்தன. படுக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் பல வருடங்களுக்கு முன் தொழிற்சாலையில் ஏணியிலிருந்து விழுந்த ஒரு ஃபிட்டர் நினைவுக்கு வந்தார். ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை நோயாளி. இடுப்பில் கட்டோடு நின்று, 'கால் திடீர்னு இல்லாம போச்சு மேடம்' என்றார். 'கால் எங்கே போகும்?' என்று கேட்டுவிட்டு, அவள் எழுதினாள்: தொழிலாளியின் கவனக்குறைவு. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரித்தாரா என்று அவள் பார்க்கவில்லை. அவரை அதன்பிறகு தொழிற்சாலையிலும் பார்க்கவில்லை.

மகள் நோட்டோடு வந்தாள். பாக்கெட்டைத் தேடிய அலமாரியில் அதுவும் இருந்திருக்கிறது.

"டாக்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? உப்பை நிறுத்திட்டா நீ உன் வீட்டுலயே தாராளமா இருக்கலாமாம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"விழுந்ததுக்காக நான் கூட்டிட்டுப் போகலைம்மா. ரெண்டாவது தடவையே சொல்லியிருந்தா ஒரு ரத்த டெஸ்ட்டோட முடிஞ்சிருக்கும். நீ அழகா நம்பர் போட்டு எழுதி மறைச்சிருக்க. உன்னை எப்படி நம்பி விட்டுட்டுப் போறது? கால் பழையபடி ஆகட்டும், ஆறு மாசம் என்கூட இரு. அப்புறம் பாக்கலாம்."

வாதாட அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் நோட்டு மகளின் கையில் இருந்தது. எந்த வீட்டைக் காப்பாற்றப் பொருளையெல்லாம் வெளியேற்றினாளோ, அந்த வீட்டிலிருந்து கடைசியாக அவளே வெளியேறுகிறாள்.

மகள் கணக்கை முடிக்கக் கீழே போனதும், கணவர் நோட்டை அவள் மடியில் வைத்தார். "அஞ்சாவது எழுதலையே?"

"நீங்க எழுதுங்க. விபத்துல மாட்டினவங்களே அறிக்கை எழுதக் கூடாது. அது விதி."

"முதல் நாலுக்கு இந்த விதி இல்லையாக்கும்?" என்று பேனாவைத் திறந்தார். "காரணம் என்ன போட? உப்பா?"

"அது டாக்டர் சொன்னது. கீழே தனியா போடுங்க. விழுந்தவங்க என்ன சொன்னாங்களோ அதை முதல்ல எழுதணும். ஒரு எழுத்து மாத்தாம."

"சரி. விழுந்தவங்க என்ன சொன்னாங்க, மேடம்?"

அவள் சொன்னாள். அவர் எழுதினார்: கால் திடீர்னு இல்லாம போச்சு.